வாசகர் கேள்வி – பதில்: மலையூருக்குத் துணை சுகாதார நிலையம்

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து துணை சுகாதார நிலையம் 9 கி.மீ. மனு கொடுத்தால் 'ஜனத்தொகை போதாது' என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: எந்தக் கணக்கில் போதாது என்று முதலில் கேளுங்கள். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேர் என்பதே விதிமுறை. மலையூர் மனு சமவெளி அளவில் தள்ளப்படுவது புதிதல்ல. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் குக்கிராமம் வாரியாக எண்ணிக்கை இருக்கும். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் அதில் விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஆள் குறையும்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் ஏதாவது ஒன்றில் தீர்மானம் கொண்டுவாருங்கள். குறைவெண் வரம்பு (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் செல்லாது, ஆகவே ஆட்களைத் திரட்டுங்கள். 'மருத்துவ வசதி வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் ஃபைலில் தூங்கும். இடம், மக்கள்தொகை, தூரம், கடைசி பஸ் நேரம், கட்டடத்துக்கான புறம்போக்கு நிலத்தின் சர்வே எண் எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள். நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

பதில் இல்லையா? 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு. புதிய நிலையத்துக்குப் பணியிடமும் நிதியும் அரசு ஒதுக்க வேண்டும் என்பதால், சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை (துறைக்கு நிதி கேட்கும் கோரிக்கை) சட்டமன்றத்துக்கு வரும் முன்பே எம்.எல்.ஏ.விடம் நகலைச் சேர்த்துவிடுங்கள்.