கப்பல் க்ரோனோமீட்டர் நுட்பம் கைக்கடிகாரத்தில்: கேள்வி பதில்

கே: கப்பலில் அவ்வளவு துல்லியமாக ஓடிய டிடென்ட் எஸ்கேப்மென்ட்டை வாட்சில் ஏன் காணோம், சார்?

ப: எஸ்கேப்மென்ட் என்பது ஸ்பிரிங்கின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பகுதி; அதில் சக்கரத்தைப் பூட்டி விடுவிக்கும் கொக்கிதான் டிடென்ட். கப்பல் க்ரோனோமீட்டரின், அதாவது கடல் பயணத்துக்கான துல்லியக் கடிகாரத்தின், விநாடி முள்ளை உற்றுப் பாருங்கள். விநாடிக்கு இரண்டே தாவல்தான். நேரத்தை அளக்க ஆடும் சக்கரமான பேலன்ஸ் வீல் போய்த் திரும்பும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திசையில் மட்டும், எஸ்கேப் வீல் என்ற பற்சக்கரத்தின் பல் அதை நேராகத் தள்ளிவிடும். சாதாரண வாட்சில் போல இடையில் லீவர் (நெம்புகோல்) கிடையாது. உரசிச் சறுக்குவது குறைவு என்பதால் அந்தப் பல்லுக்கு எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் கெட்டியாகி நேரம் மாறுகிற தொல்லையே இல்லை. 1780-களில் கடிகாரக் கலைஞர்கள் ஆர்னால்டும் எர்ன்ஷாவும் இதற்குக் கொடுத்த வடிவம் அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் கடலில் நின்றது.

ஆனால் அது பெட்டிக்குள் கிடைமட்டமாக, ஆடாமல் இருந்த கடிகாரம். கையை வேகமாக வீசினாலே டிடென்ட் தானாக விலகிவிடலாம். பற்கள் மளமளவென ஓடிவிடும், கடிகாரம் முந்திவிடும். நின்றுபோனால் சாவி கொடுத்தால் மட்டும் போதாது, லேசாக ஒரு சுழற்று சுழற்றினால்தான் கிளம்பும்.

கே: அப்படியானால் யாருமே முயற்சி செய்யவில்லையா?

ப: செய்திருக்கிறார்கள். 2011-இல் உர்பன் யூர்கென்சன் நிறுவனத்தின் பி8 வாட்ச், 2014-இல் கிறிஸ்தோஃப் கிளாரேயின் மேஸ்டோசோ வாட்ச். அதிர்ச்சியில் டிடென்ட் விலகாதபடி இரண்டிலும் தனித் தடுப்பு உண்டு. என்னைக் கேட்டால், சாதனை அந்தத் தடுப்பில்தான் இருக்கிறது.

கே: கப்பல் க்ரோனோமீட்டரில் இருந்த ஃப்யூஸி சங்கிலி வாட்சில் வெறும் அலங்காரம்தானே?

ப: அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. முழுதாகச் சாவி கொடுத்த ஸ்பிரிங் பலமாக இழுக்கும், தளரத் தளர இழுப்பு குறையும். கூம்பு வடிவ ஃப்யூஸியில் சுற்றிய சங்கிலி அந்த இழுப்பைச் சமன் செய்யும். 1994-இல் லாங்கே நிறுவனம் இதைக் கைக்கடிகாரத்தில் அடக்கியபோது இன்னொரு சிக்கலும் இருந்தது: சாவி கொடுக்கும்போது ஃப்யூஸி எதிர்ப்பக்கம் சுற்றும், சக்கரங்களுக்கு விசை போகாது. அப்போதும் விசை போக, ஃப்யூஸிக்குள்ளேயே குட்டியாக ஒரு கோள் பற்சக்கர அமைப்பை (நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றிவருவது) வைத்தார்கள்.

கே: கப்பல் ஆடினாலும் கடிகாரத்தைக் கிடைமட்டமாக வைத்த வளைய அமைப்பு, கிம்பல்? அது வாட்சில் வந்ததா?

ப: 2010-இல் ஜெனித் நிறுவனம் செய்தது. பேலன்ஸ் எப்போதும் படுத்தே இருக்கும், ஆனால் கண்ணாடி குமிழாகத் துருத்தும். சட்டைக் கைக்குள் போகாது.

கே: நடுத்தரக் குடும்பம் அண்ணா, எனக்கு ஏதாவது?

ப: பழைய ஒமேகா கோ-ஆக்சியல் தேடுங்கள். கோ-ஆக்சியல் என்பது கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த எஸ்கேப்மென்ட், 1999-இல் ஒமேகா விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு திசையில் டிடென்ட் போலச் சக்கரமே பேலன்ஸைத் தள்ளும், மறுதிசையில் லீவர் வழியாக. பூட்டி வைப்பது லீவர் என்பதால் கையை எப்படி வீசினாலும் விலகாது. வாங்கும் முன் சர்வீஸ் பில் கேளுங்கள். இதைத் தெரியாத கடையில் திறக்க விடாதீர்கள்.