நோய் வந்த பிறகு சிகரெட்டை விட்டு என்ன பயன்?

கேள்வி: எனக்கு வயது 54. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். மூன்று மாதமாகக் குரல் கம்மியே இருந்தது. டெஸ்ட் எடுத்ததில் குரல்வளையில் புற்றுநோய், ஆரம்பக் கட்டம் என்றார்கள். மொத்தம் 33 கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை), 9 முடிந்திருக்கிறது. 18 வயதில் பட்டறையில் பழகிய சிகரெட். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போது நாலைந்து. வீட்டிலும் டாக்டரிடமும் விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். தினமும் கரண்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நானும் திருத்தணியிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒருவரும் ஆளுக்கு ஒன்று பற்றவைப்போம். அவருக்கு நாக்கில் புற்றுநோய். மனம் விட்டுப் பேச எனக்கு அவர் ஒருவர்தான். வர வேண்டியது வந்துவிட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது? விடுவதானாலும் இந்தப் பயத்தில் எப்படி விடுவது? மனைவியின் தம்பி எல்லோர் முன்னாலும் "நீங்களா இழுத்துக்கிட்டதுதானே மாமா" என்றார். அதிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவே பிடிக்கவில்லை.
பெயர் வேண்டாம், அம்பத்தூர்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

பயன் இருக்கிறது. பாக்கி இருக்கும் 24 கரண்டுக்கே இருக்கிறது. பத்து வருஷம் கழித்து வரப்போகும் நன்மைகளை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். நாளைக் காலை நீங்கள் அந்த மேஜையில் படுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

கதிர்வீச்சு கட்டியை அழிக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்த செல்கள் கரண்டுக்கு அவ்வளவு சுலபத்தில் மசிவதில்லை. சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புகைத்துவிட்டுப் போய்ப் படுத்தால், இவ்வளவு செலவும் அலைச்சலும் வலியுமாக வாங்குகிற கரண்டின் வேகத்தை நீங்களே கொஞ்சம் குறைத்துவிடுகிறீர்கள். ஆறுதலான விஷயம், அந்த வாயு ஒரு நாளைக்குள் பெரும்பாலும் ரத்தத்தை விட்டுப் போய்விடும். இன்று நிறுத்தினால் நாளை மறுநாள் கரண்டுக்கே வித்தியாசம் உண்டு.

கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1993-ல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகக் கரைந்தது. புகைக்காதவர்களில் அது 74 சதவீதம். இரண்டு ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதமும் 66 சதவீதமும். அவர்கள் எல்லாம் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். உங்களுடையது ஆரம்பக் கட்டம் என்பதால் அந்த எண்களை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. 2014-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் இதையே உறுதிப்படுத்தியது: புற்றுநோய் வந்த பிறகும் புகைத்தால் மரண ஆபத்து கூடுகிறது, வேறோர் இடத்தில் புதிதாக இன்னொரு புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது, விட்டவர்களுக்கு நிலைமை மேம்படுகிறது. தொண்டைப் புண் ஆறுவது, குரல் திரும்புவது எல்லாம் இதோடு சேர்ந்ததுதான்.

பீடிக்கு மாறுவது, கன்னத்தில் ஹான்ஸ் புகையிலை அடக்குவது இரண்டும் விட்ட கணக்கில் வராது. மது இருந்தால் அதையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்.

இனி உங்கள் மைத்துனர் சொன்னது. பதினெட்டு வயதுப் பையனுக்குப் பட்டறையில் யாரோ நீட்டிய ஒரு சிகரெட், நிகோடின் மூளையில் போட்ட முடிச்சு, முப்பத்தாறு வருஷம் தெருவுக்குத் தெரு சில்லறையில் கிடைத்த வசதி. இவ்வளவையும் விட்டுவிட்டு நோயாளியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொடாதவர்களும் அதே வார்டில் படுத்திருக்கிறார்கள். அந்த வார்த்தை உங்களுக்கு ஒரு கெடுதல் செய்திருக்கிறது, அதற்காகத்தான் எனக்குக் கோபம்: உங்களை ஒளிந்துகொள்ள வைத்துவிட்டது. ஒளிந்து புகைக்கிறவருக்கு உதவி கிடைக்காது. விடவும் ஒளிந்துதான் முயல்வார். இன்று முடியாமல் போனால் யாரிடமும் சொல்ல முடியாது, நாளைக்கு இன்னும் ஒளிவார். நாலைந்து சிகரெட்டில் நீங்கள் நின்றுபோயிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் உங்கள் திருத்தணி நண்பரை விட்டு விலகுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த ஊரிலேயே உங்களுக்கு அதிகம் உதவக்கூடியவர் அவர்தான்.

என் அண்ணனுக்குத் துணையாக அந்தக் காத்திருப்பு வரிசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் பையில் ஃபைல், தோளில் ஈரத்துண்டு, கழுத்தை உரசாத காலர் இல்லாத சட்டை. உள்ளே போய் வருகிறவர் கன்னத்தில், கரண்டின்போது தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்கின் வலைக்கோடு அப்படியே பதிந்திருக்கும். முப்பதாவது கரண்டுக்கு வந்தவர் மூன்றாவதுக்கு வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "சாதத்தைக் குழைய மசிச்சு மோர் ஊத்திக்கங்க. காரம் வேணாம். உப்பு, சோடா மாவு போட்ட தண்ணியில கொப்புளிச்சிக்கிட்டே இருங்க, அப்பத்தான் முழுங்க முடியும்." இதே விஷயங்கள் அச்சடித்த தாளில் கையில் இருக்கும். யாரும் அதைப் படித்து நான் பார்க்கவில்லை. பக்கத்து ஆள் சொன்னதைத்தான் எல்லோரும் வீட்டில் போய்ச் செய்தார்கள். சிகரெட் விஷயத்திலும் அப்படியே. நானோ மைத்துனரோ சொன்னால் உபதேசமாகப் படும். அதே தொண்டை எரிச்சலோடு பக்கத்தில் இருப்பவர் "எனக்கும் இப்ப கேக்குதுண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னால் பொறுக்க முடியும்.

நாளைக்கு அவரிடம் நேராகப் பேசுங்கள். "நான் நிறுத்தலாம்னு இருக்கேன், தனியா முடியாது, நீங்களும் வாங்க" என்றால் போதும். அவரும் யாரிடமாவது இதைச் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். டீக்கடையை மாற்றுங்கள். பெட்டிக்கடையில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள், மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே கேண்டீன் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பதினைந்து நிமிஷப் பேச்சு மட்டும் நிற்கவே கூடாது. நீங்கள் தேடிப் போவது சிகரெட்டை மட்டுமல்ல, அந்தப் பேச்சையும்தான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

அவர் முடியாது என்றால் வருத்தப்படாதீர்கள். கரண்டுக்குக் காத்திருக்கும் அதே பெஞ்சில், சிகரெட்டை விட்டு ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனவர்கள் செக்கப்புக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கவனம். கரண்ட் கிடையாது, பெஞ்ச் கிடையாது, வீட்டில் சும்மா இருப்பீர்கள், கை தானாகச் சட்டைப் பையைத் தேடும். உங்கள் குரலுக்கு ஓய்வு தேவை என்பதால் போனில் பேச வேண்டாம். வாட்ஸ்அப்பில் "வருது" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள். அவர் "அஞ்சு நிமிஷம்" என்று பதில் போடட்டும். சிகரெட் கேட்கும் அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிஷத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் எழுந்து போய் உப்புத் தண்ணீரில் கொப்புளியுங்கள். எப்படியும் ஒரு நாளைக்குப் பல தடவை செய்ய வேண்டியதுதான், வாய்க்கும் கைக்கும் வேலை ஆகிவிடும்.

முதல் மூன்று நாள்தான் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறையும். சிலருக்கு முதலில் இருமலும் சளியும் கொஞ்சம் கூடும். அதைப் பார்த்து நோய் பரவிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் தெரிந்தாலோ மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை உடம்பில் காஃபினை வேகமாகக் கழிக்கும். நிறுத்திய பிறகு அதே டீ, அதே ஃபில்டர் காபி உடம்பில் அதிக நேரம் தங்கிப் படபடப்பைக் கொடுக்கும். அதைச் சிகரெட் கேட்கிற நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு. டீயைப் பாதியாக்குங்கள், ஆறவைத்துக் குடியுங்கள்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் திட்டி சிகிச்சையை நிறுத்திவிடுவாரோ என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். நிறுத்த மாட்டார்கள். அவர்களுக்கு இது தெரிந்தால்தான் புண் ஏன் ஆறவில்லை என்று சரியாகக் கணிக்க முடியும். சில புற்றுநோய் மருந்துகள் புகைப்பவர் உடம்பில் சீக்கிரம் கரைந்துபோவதால் அளவைக்கூட யோசிக்க வேண்டிவரும். "விட்டுட்டேன்னு சொன்னேன் டாக்டர், முழுசா விடலை. இப்ப நிறுத்தணும், மருந்து ஏதாவது குடுங்க" என்று கேளுங்கள். பேச்சு வராவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். நிகோடின் சூயிங்கம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்காதீர்கள். கரண்டில் தொண்டையும் வாயும் புண்ணாகும் நேரத்தில் அது எரியும். உங்களைப் போன்றவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் ஒத்துவரலாம். மாத்திரைகளும் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது உங்கள் மற்ற மருந்துகளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

சென்னையில் இதற்கு உதவி கிடைக்காத குறை இல்லை. 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் மத்திய சுகாதாரத் துறையும் சேர்ந்து நாட்டில் 13 புகையிலை நிறுத்த மையங்களைத் தொடங்கியபோது அவற்றில் ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. நீங்கள் சிகிச்சை எடுக்கும் இடத்திலேயே கவுன்சலர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இந்த உதவியைக் கேட்கலாம். சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசுவார்கள். முதல் அழைப்பை உங்களுக்காக வீட்டில் யாராவது பேசிக்கொடுக்கலாம்.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் அன்றே நண்பருக்குச் சொல்லிவிடுங்கள். ஒன்று ஒன்றாகவே நிற்கும். மறைத்தால்தான் பாக்கெட் ஆகும். 33-வது கரண்ட் முடிந்த பிறகு வரும் வாரங்கள் இதைவிடச் சோதனையானவை. அவர் திருத்தணிக்குப் போய்விடுவார், உங்களுக்குத் தினமும் கிளம்ப வேண்டிய வேலை இருக்காது, பட்டறைக்குத் திரும்பினால் பழைய கூட்டம் அங்கேயே நிற்கும். அதற்குள் பெஞ்சில் பழகிய நாலு பேரின் நம்பரை வாங்கி ஒரு குரூப் ஆக்கிவிடுங்கள். செக்கப் தேதியை எல்லோரும் ஒரே நாளில் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

வீட்டில் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவிக்குச் சட்டை வாசனையிலேயே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். அழுவார், கோபப்படுவார், கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு அவரிடம் இரண்டு வேலை கேளுங்கள். பையைச் சோதிப்பதற்குப் பதிலாக, டாக்டரைப் பார்க்கும் நாளில் கூடவே வரச் சொல்லுங்கள். அப்படியே, இனி அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று தம்பியிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தொண்டைக்கு இப்போது ஓய்வு வேண்டும். மைத்துனருக்குப் பதில் சொல்கிற வேலையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.