ஒரே மேடை, மூன்று தொலைபேசி அழைப்புகள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில், தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் கூடும் சிறிய பெந்தெகொஸ்தே சபையில் நான் மூப்பராக இருக்கிறேன். வரும் கிறிஸ்துமஸை ஒட்டி எங்கள் பகுதியின் நான்கு தமிழ்ச் சபைகள் சேர்ந்து ஒரே நற்செய்திக் கூட்டம் நடத்தலாம் என்று பேச்சு எழுந்தது. விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கும் நாங்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்களோடு ஒரே மேடையில் ஏறுவது சத்தியத்தை விட்டுக்கொடுப்பதாகும் என்று எங்கள் போதகர் தயங்குகிறார். கத்தோலிக்கர்களையும் அழைக்கலாமே என்று ஒருவர் சொன்னதும் பேச்சே நின்றுபோயிற்று. வெவ்வேறு சபைப்பிரிவினர் சேர்ந்து நற்செய்தி அறிவிப்பது உண்மையில் நடக்கக்கூடியதா, அல்லது புகைப்படத்துக்காக நிற்கும் ஒற்றுமைதானா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள மூப்பர் அவர்களுக்கு,

உங்கள் போதகரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டுகிறவரைவிட, எதில் ஒற்றுமை என்று கேட்கிறவரோடு சேர்ந்து வேலை செய்வது எளிது. அவர் எங்கே நிற்கிறார் என்பதாவது நமக்குத் தெரியும். இந்தத் தயக்கம் புதியதும் அல்ல. 1957இல் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரகாம் நியூயார்க்கில் கூட்டங்கள் நடத்தியபோது, தாராளக் கொள்கை உடையவர்களும் இருந்த அந்நகரத்துப் புராட்டஸ்டன்ட் கூட்டமைப்பின் ஆதரவை ஏற்றுக்கொண்டார் என்பதற்காக, அதுவரை அவரைக் கொண்டாடிய பழைமைவாதத் தலைவர்கள் பலர் அவரைவிட்டு விலகினார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகளில் முக்கியமானது மேடையைப் பற்றியது அல்ல. தீர்மானம் எடுத்து முன்னே வருகிறவர்களின் பெயர் எழுதிய அட்டை எந்தச் சபையின் கைக்குப் போகும் என்பதே அவர்களை உறுத்தியது. அது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். அதற்கு அவர்கள் கண்ட விடையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஞானஸ்நானத்தைப் பற்றிய வேறுபாடு உண்மையான வேறுபாடு. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இடையே உள்ள பிரிவுகள் எல்லாம் வேதத்தை ஆராய்ந்து வந்து சேர்ந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் ஊர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள், நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன், தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன்கள் என்று பெரும்பாலும் அவரவர் எல்லையில் அவரவர் உழைத்தார்கள். தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பதே பேரன் எந்த ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறப்பான் என்பதைத் தீர்மானித்தது. என் தாத்தா நாகர்கோவில் பக்கத்து லண்டன் மிஷன்காரர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்கு வந்தவர், உடன் வேலை செய்தவர் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போன இடம் மெதடிஸ்ட் ஆலயம் என்பதால் மெதடிஸ்ட் ஆனார். அந்தக் கூட்டாளி ஆங்கிலிக்கராக இருந்திருந்தால் நாங்கள் ஆங்கிலிக்கர்கள். இதற்கு மேல் எங்கள் குடும்பத்தின் சபைப்பிரிவுக்கு எந்த இறையியல் காரணமும் கிடையாது. எத்தனையோ குடும்பங்களின் கதை இதுவாகத்தான் இருக்கும்.

சேர்ந்து உழைப்பது நமக்கு அந்நியமானது என்றும் சொல்ல முடியாது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் ஜெர்மானிய லுத்தரன். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். அச்சு இயந்திரம் கொடுத்து உதவியது லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம். தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரம். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியதற்குப் பின்னே இத்தனை பேர் இருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் இதற்கு நேர்மாறானதும் நடந்தது. 1820 முதல் பாளையங்கோட்டையில் உழைத்த ரேனியுஸ் ஐயர் பிறப்பால் ஜெர்மானியர், ஆனால் ஆங்கிலிக்கன் சங்கத்தின் ஊழியர். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆங்கிலிக்கன் பேராயரின் கை வேண்டுமா என்பதில் மூண்ட சச்சரவு, 1835இல் சங்கம் அவரை விலக்கியதில் முடிந்தது. சபைகள் இரண்டுபட்டன, மூன்று ஆண்டுகளில் அவரும் மறைந்தார். பேராயர் என்றால் யார் என்பதையே அறியாத கிராமத்து மக்கள் அந்தச் சண்டையில் பக்கம் பிரிந்து நின்றதுதான் அதில் மிகவும் வருத்தத்துக்குரியது.

1919இல் மீண்டும் தரங்கம்பாடியில், வெள்ளாளன்விளையில் பிறந்து இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக உயர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் வேறு சபைப்பிரிவுகளின் ஊழியர்களும் கூடினார்கள். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் வந்தவை, இவற்றை நீடிக்கச் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை என்ற பொருளில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் கூடியது நற்செய்திப் பணியைப் பற்றிப் பேசுவதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணி பிரிவினையால் பலவீனப்பட்டது என்ற அனுபவமே அவர்களை ஐக்கியத்தைப் பற்றிப் பேச வைத்தது. அங்கே தொடங்கிய பாதை 1947 செப்டம்பர் 27 அன்று, பல சபைப்பிரிவுகள் இணைந்த தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தபோது அசரியா உயிரோடு இல்லை.

சிங்கப்பூரில் இந்தப் பாடம் சாங்கிச் சிறையில் கற்றுக்கொள்ளப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் தலைவர்கள் ஒரே மதிலுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஊழியர்களுக்குப் பொதுவான இறையியல் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வளர்ந்தது. 1948இல் அதுவே டிரினிட்டி இறையியல் கல்லூரி ஆயிற்று. பின்னர் 1978 டிசம்பரில் தேசிய விளையாட்டரங்கில் பில்லி கிரகாம் ஐந்து நாள் பேசியபோது இங்குள்ள சபைகளில் மிகப் பெரும்பாலானவை சேர்ந்து உழைத்தன. ஆகவே இது நடக்கக்கூடியதா என்ற உங்கள் கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. எனக்குக் கவலை தருவது கூட்டம் முடிந்த மறுநாள் காலை.

பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கூட்டுக் கூட்டத்தில் நான் நாற்காலி அடுக்குகிற குழுவில் இருந்தேன். கப்பல் பட்டறையில் வேலை செய்த புதுக்கோட்டை இளைஞர் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அழைப்பு கொடுத்தபோது எழுந்து முன்னே போனார், அட்டையில் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த வாரத்துக்குள் மூன்று சபைகளிலிருந்து அவரை அழைத்தார்கள். ஒருவர் முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி விளக்கினார்; இன்னொருவர் முதலாமவரின் சபை உபதேசத்தில் உள்ள தவறுகளை விளக்கினார்; மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புவதாகவும் ஆராதனைக்குப் பின் பிரியாணி உண்டு என்றும் சொன்னார். “அண்ணே, நான் இயேசுவைப் பத்திக் கேக்கத்தான் வந்தேன், இவங்க யார் யாருன்னு எனக்குப் பாடம் நடத்துறாங்க” என்று அவர் என்னிடம் சொன்னார். அதன்பின் எந்த அழைப்பையும் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஃபாலோ அப் என்று நாம் சொல்லும் வேலைக்குள் ஆடு திருடுதல் எவ்வளவு எளிதாக நுழைந்துவிடுகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். நம் ஆட்டை அல்ல, இன்னும் யாருடையதும் ஆகாத ஆட்டைத் திருடுவதற்கு மூன்று மேய்ப்பர்கள் போட்டியிட்டார்கள்.

எனவே உங்கள் கூட்டத்துக்கு முன்னால் நான்கு சபைகளும் உட்கார்ந்து பேச வேண்டியது யார் பிரசங்கிப்பது, எந்தப் பாட்டுக்குழு பாடுவது என்பதல்ல. பெயர் கொடுத்தவரை யார் ஒருவர் மட்டும் அழைப்பது, அவர் தங்குகிற விடுதிக்கும் வேலை நேரத்துக்கும் எந்தச் சபை ஒத்துவரும், அவர் அங்கே போவதாகச் சொன்னால் மற்ற மூவரும் எப்படி வாயடக்கி இருப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஞானஸ்நானத்தை மேடையில் பேசாமல், அவர் சேரும் சபையில் பேசட்டும். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு அல்ல, சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கவே கிறிஸ்து தன்னை அனுப்பினார் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலை உங்கள் போதகர் என்னைவிட நன்றாக அறிவார். அவர் அதை எழுதியது சபை கட்சிகளாகப் பிரிந்திருந்த இடத்துக்கு என்பதையும் அறிவார்.

மொழியையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், இதை யாரும் கவனிப்பதில்லை. ஒருவர் கர்த்தர் என்பார், மற்றவர் ஆண்டவர். ஒருவருக்குப் பரிசுத்த ஆவி, மற்றவருக்குத் தூய ஆவி. ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்றா என்று புதிதாக வருகிறவர் கேட்டால் அது அவர் தவறல்ல. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளியான திருவிவிலியம் இருந்தும் பெரும்பாலான சபைகள் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கின்றன. எனக்கும் பழையதன் ஓசைதான் காதுக்கு இனிக்கிறது. ஆனால் புரிய வேண்டியவர் கேட்கிறவர்.

கத்தோலிக்கர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நற்செய்திக் கூட்டத்தைச் சேர்ந்து நடத்த முடியாது என்றால் அதை நேரே சொல்லிவிடுவதில் அவமானம் இல்லை. இங்குள்ள தேசியத் திருச்சபைகள் மன்றத்திலும் கத்தோலிக்கத் திருச்சபை உறுப்பினர் அல்ல. ஆனால் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெபவாரம் உலகின் பல நாடுகளில் நடக்கிறது. அதில் சேர்ந்து ஜெபிப்பதற்கு மேடையும் தேவையில்லை, ஒலிபெருக்கியும் தேவையில்லை. 2020இல் தொழிலாளர் விடுதிகள் மூடப்பட்டபோது உணவு கொண்டுபோனவர்களிடம் நீங்கள் எந்தச் சபை என்று யாரும் கேட்கவில்லை. கொண்டுபோனவர்களில் சிலர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கைப்பிரதியையும் வைக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று நான் அன்று சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். வெளியே போக முடியாமல் பூட்டிவைக்கப்பட்டவனுக்குக் கொடுக்கிற சோற்றில் பிரசங்கத்தைக் கலப்பது அவனுக்கும் மரியாதை அல்ல, சுவிசேஷத்துக்கும் மரியாதை அல்ல.

இன்னொன்றும் உண்டு. 1990இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுப் பிரசங்கியாரை அழைத்தால் அனுமதி பெற வேண்டும், அவர் மேடையில் பிறர் வணங்கும் தெய்வத்தை இழித்துப் பேசினால் அழைத்தவர் பதில் சொல்ல வேண்டும். நான்கு சபைகள் சேர்ந்து நடத்தினால் பேச்சாளரை நாலு பேர் விசாரித்த பிறகே அழைப்பார்கள். உணர்ச்சிவசப்படும் ஒருவரை மற்ற மூவர் தடுப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு இந்துவாக இருந்து, நம் அழைப்பின்பேரில் வந்து உட்கார்ந்திருக்கும்போது தலைகுனிய நேராமல் இருப்பது எனக்கு முக்கியம்.

அந்தப் புதுக்கோட்டை இளைஞர் ஓராண்டுக்குப் பின் தொலைபேசியில் என்னை அழைத்தார். ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு ஞாயிறுதோறும் தமிழ்த் திருப்பலிக்குப் போவதாகச் சொன்னார். உடன் தங்கிய நண்பர் அழைத்துப் போனாராம், என் தாத்தாவுக்கு நடந்ததைப் போலவே. எங்கள் குழுவின் கணக்கில் அவர் பெயர் எங்கும் இல்லை.

உங்கள் போதகரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்: அவர் பிரசங்கத்தைக் கேட்டு மனம் திரும்பிய ஒருவருக்கு, குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபை ஒன்று விடுதிக்கு அருகில் இருந்தால், அங்கே போகும் பேருந்து எண்ணைத் தம் வாயால் சொல்ல அவரால் முடியுமா? முடியும் என்றால் மேடை ஏறட்டும். முடியாது என்றால் இந்த ஆண்டு தனித்தனியாகவே நடத்துங்கள், ஜெபவாரத்தில் சந்தியுங்கள். கூட்டம் நடந்தால் தேதியை எழுதுங்கள். நாற்காலி அடுக்க வருகிறேன்.