ஆர்ஜிபி சாக்கெட் இல்லாத கம்ப்யூட்டருக்குள் விளக்கு: கரண்டை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். வீட்டோடு சேர்ந்த தறிக்கூடத்தில் சேலை டிசைன் போடுவதற்காக, ஏதோ ஒரு கம்பெனி ஆபீசில் ஓடிய பழைய டவர் கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருக்கிறேன். பகலில் நான் வேலை பார்ப்பேன், ராத்திரி தம்பி கேம் ஆடுவான். உள்ளே கலர் லைட் போட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. திறந்து பார்த்தால் மதர்போர்டில் கலர் லைட்டைச் செருகும் ஆர்ஜிபி சாக்கெட் எதுவும் இல்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலும் உபரி வயர் கிடையாது. எஸ்எஸ்டிக்கு ஒன்று, டிவிடி டிரைவுக்கு ஒன்று, அவ்வளவுதான். கடையில் எஸ்எம்பிஎஸ், போர்டு இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா சார்?

பதில்: உண்டு. எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் கேட்கும் விளக்குக்கு ஆகும் மின்சாரம் இரண்டு மூன்று வாட். உங்கள் எஸ்எம்பிஎஸ் 200 வாட் சுற்றளவில் இருந்தாலும் அதற்கு இது ஒரு சுமையே இல்லை. சிக்கல் வாட்டில் இல்லை. அந்த இரண்டு மூன்று வாட்டை எந்த வாசல் வழியாக எடுப்பது என்பதில்தான் இருக்கிறது.

முதலில், இந்த மாதிரி கம்பெனி டவர்களில் வயர் ஏன் இவ்வளவு குறைவு என்று சொல்லிவிடுகிறேன். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசைகளில் பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 12 வோல்ட்டை மட்டும் கொடுக்கும். டிஸ்க்குக்கு வேண்டிய 5 வோல்ட்டை போர்டே தயாரித்து, ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன கனெக்டர் வழியாக வெளியே அனுப்பும். உங்கள் எஸ்எஸ்டி வயரைக் கையால் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். அது எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் போகாமல் போர்டில் போய் முடிந்தால், உங்களுடையதும் அந்த ரகம்தான். அப்படியானால் கடைக்காரர் சொல்கிற சாதாரண 24 பின் எஸ்எம்பிஎஸ் அதில் நேராகப் பொருந்தவே பொருந்தாது. தனியாக அடாப்டர் கேபிள் தேட வேண்டும். பெட்டியின் அளவும் பல நேரம் ஒத்துவராது. மூன்று வாட் விளக்குக்காக அந்தச் செலவில் இறங்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்இடிகளை வரிசையாகப் பதித்த, கலர் மாறும் ஸ்ட்ரிப்களில் (பட்டைகளில்) பரவலாகக் கிடைப்பது டபிள்யூஎஸ்2812பி என்ற எல்இடி. வேலை செய்வது 5 வோல்ட்டில். ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உண்டு. மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்து வெள்ளையாகத் தெரியும்போது ஒரு எல்இடி சுமார் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அரை மீட்டரில் 30 எல்இடி என்று வைத்துக்கொண்டால் 1.8 ஆம்பியர். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்றின் அளவோ 0.5 ஆம்பியர்தான். ஆனால் வெளிச்சத்தைக் கால் பங்காகக் குறைத்தால் அதே 30 எல்இடியும் 0.45 ஆம்பியரில் அடங்கிவிடும். இருட்டான இரும்புப் பெட்டிக்குள் கால் பங்கு வெளிச்சமே தாராளம். முழு வெளிச்சம் வைத்தால் ராத்திரியில் தம்பிக்குக் கண் கூசும், ஸ்கிரீன் சரியாகத் தெரியாது.

அதனால் என் முதல் சிபாரிசு, 5 வோல்ட் யுஎஸ்பி ஸ்ட்ரிப். கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் செருகி, காலியாக உள்ள ஒரு கார்டு ஸ்லாட்டின் தகட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக வயரை உள்ளே கொண்டுவந்துவிடலாம். வெளியே இருந்து உள்ளே வயர் போவது பார்க்க அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு அதிகக் கரண்ட் இழுத்தால் தடுக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் போர்டிலேயே உண்டு. பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் உருவி எடுத்துவிடலாம்.

வயர் வெளியே தெரியவே கூடாது என்றால், போர்டில் 9 பின் உள்ள யுஎஸ்பி ஹெடர் (கேபிள் செருகும் பின் வரிசை) காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் மட்டும் ஒரு பின் இருக்காது. 5 வோல்ட் வருவது அந்த மூலைக்கு எதிர்முனையில் உள்ள இரண்டு பின்களில். இல்லாத பின் இருக்க வேண்டிய அதே ஐந்து பின் வரிசையில், அதற்கு அடுத்து இருப்பது கிரவுண்டு. இதற்கென்றே 9 பின்னை யுஎஸ்பி சாக்கெட்டாக மாற்றும் சின்ன கேபிள் விற்கிறார்கள். ஒரு பின் தள்ளிச் செருகிவிட்டால் போச்சு. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

ஸ்ட்ரிப் வாங்கும்போது ரிமோட்டைக் கவனியுங்கள். விலை குறைந்த ஸ்ட்ரிப்களுடன் வருவது டிவி ரிமோட் போன்ற இன்ஃப்ராரெட் ரிமோட். அதன் கண் இரும்புக் கேபினெட்டுக்குள் போய்விட்டால் ரிமோட் வேலை செய்யாது. வயரிலேயே பட்டன் வைத்த கன்ட்ரோலரை வாங்கி, பட்டனைக் கேபினெட்டுக்கு வெளியே தொங்க விடுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு, கடைசியாக வைத்த கலரும் வெளிச்சமும் அப்படியே இருக்கிறதா என்று கடையிலேயே உருவிச் செருகிப் பாருங்கள். சில கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு முறையும் முழு வெளிச்சத்துக்குத் தாவிவிடும். அது உங்கள் 0.5 ஆம்பியர் கணக்கையே கெடுத்துவிடும்.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். யுஎஸ்பியில் 5 வோல்ட் தொடர்ந்து வருகிறது என்றுதான் அர்த்தம். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங் பக்கம்) பவர் பகுதியில் டீப் ஸ்லீப் அல்லது இஆர்பி என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அதை ஆன் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னும் கொஞ்சம் அதிக விளக்கு வேண்டும் என்றால் டிவிடி டிரைவைப் பாருங்கள். கடைசியாக அதில் எப்போது டிஸ்க் போட்டீர்கள்? பயன்படவில்லை என்றால் அதன் பவர் வயரை உருவி விளக்குக்குக் கொடுக்கலாம். டிரைவ் சுழலும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குவதற்காகவே வைத்த வயர் அது, சின்ன ஸ்ட்ரிப்பைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் கனெக்டரை உற்றுப் பாருங்கள். அகலமாக 15 தொடுமுனை உள்ள சாதாரண சாட்டா பவர் என்றால் 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் இருக்கும். லேப்டாப் டிரைவ் போல மெலிந்த டிரைவ் என்றால் அதன் பவர் முனையும் சின்னது, 6 தொடுமுனைதான், அதில் 12 வோல்ட் கிடையாது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை வாங்கிவந்து அதில் மாட்டிவிட்டு ஸ்ட்ரிப் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்எஸ்டியின் வயரை ஒய் ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அது எனக்கு விருப்பமான வழி அல்ல. உங்கள் டிசைன் எல்லாம் அந்த எஸ்எஸ்டியில் இருக்கிறது. விளக்கில் ஏதாவது ஷார்ட் ஆனால் அதுவும் சேர்ந்து அடிபடும். வேறு வழியே இல்லாமல் ஸ்ப்ளிட்டர் வாங்கினால், பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த கனெக்டரை வாங்காதீர்கள். அதற்குள் வயர்கள் நெருங்கிக் கிடந்து ஷார்ட் ஆகி உருகுவது பலருக்கும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு வயரும் தனித்தனியாகச் செருகி, பின்னால் மூடி போட்டதாக இருக்க வேண்டும்.

ஃபேன் கனெக்டரை மட்டும் தொடாதீர்கள். 12 வோல்ட் அங்கே இருக்கிறதே என்று தோன்றும். இந்த டவர்களில் ஃபேன் கனெக்டரின் பின் வரிசை பல மாடல்களில் மற்ற கம்ப்யூட்டர்களைப் போல இருக்காது. ஃபேனின் வேகம் போர்டுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால், ஆன் செய்யும்போதே ஃபேன் பழுது என்று சொல்லி நின்றுவிடும். சித்திரையில் சேலம் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் ஃபேனோடு விளையாடுவது நல்லதல்ல.

வோல்ட் விஷயத்தை இரண்டு முறை சரிபாருங்கள். சாட்டா வயரில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்டு என்பது பொது வழக்கம். ஆனால் கம்பெனி டவர்களில் எல்லா வயரும் கறுப்பாகவே வருவதும் உண்டு. நான் ஒரு முறை அவசரத்தில் 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் கொடுத்துவிட்டேன். முதல் எல்இடி பளிச்சென்று வெள்ளையாக ஒரு கணம் எரிந்தது, பொசுங்கிய வாடை வந்தது, அப்புறம் முழு ஸ்ட்ரிப்பும் செத்துப்போனது. அன்றிலிருந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் எதையும் செருகுவதில்லை. ஸ்ட்ரிப்பின் மேல் அம்புக்குறி ஒன்று அச்சிட்டிருப்பார்கள். கன்ட்ரோலரில் இருந்து அந்த அம்பு போகும் திசையில்தான் இணைக்க வேண்டும், திருப்பி மாட்டினால் கலர் மாறாது.

ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே சுத்தம் செய்யுங்கள். தறிக்கூடம் என்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நூல் பிசிறு பிராசசர் ஹீட்சிங்கின் இடுக்குகளில் மெத்தை போலப் படிந்திருக்கும். பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, கேபினெட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கு போட்ட பிறகு தூசி இரண்டு மடங்காகக் கண்ணில் படும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். ஈரத்தில் பசை விட்டுப்போய், ஸ்ட்ரிப் தொங்கி ஃபேனில் உரசிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, வெட்டிய முனையில் தெரியும் செம்புப் பட்டைகள் போர்டின் மேல் படவில்லை. பட்டிருந்தால் போர்டே போயிருக்கும். இப்போது வெட்டிய முனையை, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுகிறேன். பசையை மட்டும் நம்பாமல் இரண்டு இடத்தில் கேபிள் டை கட்டுகிறேன். உங்கள் ஊரில் ஈரம் இல்லை, வெயில் இருக்கிறது. அதுவும் பசையை இளக்கும். கேபினெட் இரும்பு என்பதால் காந்தம் வைத்த ஸ்ட்ரிப் கிடைத்தால் இன்னும் நல்லது.

இடம், கேபினெட்டின் மேல் விளிம்புக்கு உள்பக்கம். எல்இடி புள்ளிகள் கண்ணுக்கு நேராகத் தெரியாமல், வெளிச்சம் மட்டும் கீழே இறங்க வேண்டும்.

பக்கத் தகடு முழு இரும்பு என்றால், காற்றோட்ட ஓட்டைகள் வழியாகக் கசியும் வெளிச்சம்தான் தெரியும். எனக்கு அதுவே பிடிக்கும். இல்லை, கண்ணாடி போல வேண்டும் என்றால் தகட்டை வெட்டி 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் பொருத்தலாம். வெட்டுவதைத் தகட்டைக் கழற்றி எடுத்துப்போய் வெளியில் செய்யுங்கள், இரும்புத் தூள் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. காற்று ஓட்டைகளை மட்டும் அக்ரிலிக்கால் மூடிவிடாதீர்கள். தகடே வேண்டாம் என்று திறந்து வைப்பதும் கூடாது. சில மாடல்களில் மூடி திறந்ததைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச் உண்டு, ஆன் செய்யும்போதெல்லாம் எச்சரிக்கை வரும். உங்கள் வீட்டில் நூல் பிசிறு வேறு நேராக உள்ளே போகும்.

எல்லாம் மாட்டியதும் தகட்டை மூடாமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, விளக்கு செருகிய கனெக்டரை விரலால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் இரும்பைப் போலவே இருந்தால் மூடிவிடலாம். அதைவிடச் சூடாக இருந்தால் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மறுபடி அரை மணி நேரம் ஓட்டித் தொட்டுப் பாருங்கள். அப்போதும் சுட்டால் ஸ்ட்ரிப்பில் பத்து எல்இடியை வெட்டி எடுத்துவிடுங்கள்.