கைபேசியிலேயே வானிலை தெரிகிறதே, வீட்டில் சொந்தமாகக் கருவி வைப்பதால் பயன் உண்டா?

உண்டு. உங்கள் தெருவில் நேற்று இரவு எவ்வளவு மழை பெய்தது என்பதைக் கைபேசி சொல்லாது. பெரும்பாலும் அது கணினி மாதிரியின் கணிப்பையோ, எங்கோ தள்ளி இருக்கும் நிலையத்தின் அளவையோதான் காட்டும்.

நீங்கள் விலை விசாரித்துவிட்டீர்கள், வீட்டில் யாரோ "எதற்கு இந்த வீண் செலவு" என்று கேட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். ஒரு பட்டுப் புடவையின் விலைக்கு ஒரு பொம்மையா என்றார்கள். அந்தப் பேச்சு நின்றுபோன கதையைச் சொல்கிறேன்.

ஆரணிக்குப் பக்கத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியன், ஆனால் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் இன்றும் குழித்தறிகள் உண்டு, அதாவது நெசவாளர் கால் விட்டு மிதிக்கத் தரையில் குழி வெட்டிய தறிகள். விடியற்காலையில் பாவு நூலை, அதாவது துணியில் நீளவாட்டில் ஓடும் நூலை, தெருவில் நீட்டிக் கஞ்சி போடுபவர்களுக்கு, இன்னும் இரண்டு மணி நேரத்தில் மழை வருமா என்பது அன்றைய சோற்றுக் கேள்வி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆவணி மாதம், பதினொன்றாம் தேதி இரவு, இடியுடன் மழை பிடித்தது. பகல் வெயிலின் வெக்கையில் மாலைக்கு மேல் மேகம் திரண்டு கொட்டும் மழை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் அன்று ஒரு மணி நேரத்துக்குள் தெரு நிரம்பிவிட்டது. எதிர்வீட்டுச் சித்தப்பாவின் தறிக்குழி நிரம்பி, தண்ணீர் தரைக்கு மேலும் ஏறியது. நெய்த துணியைச் சுற்றும் படமரத்தில் இருந்த முக்கால் புடவையும், தறியில் இருந்த பாவும் நனைந்துபோயின. காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், மாம்பழ நிற உடலில் கரையின் அரக்குச் சாயம் விரல் விரலாக இறங்கியிருந்தது. சித்தி அதைத் தொடக்கூட இல்லை.

பட்டும் ஜரிகையும் கொடுத்த முதலாளி டவுனில் இருப்பவர். அவர் நம்பவில்லை. "இங்கே தூறல்தான், உங்கள் தெருவில் மட்டும் வெள்ளமா? வீட்டில் யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டு மழைமேல் பழி போடுகிறீர்கள்" என்று சொல்லி, பாவின் விலையைக் கூலியில் பிடிக்க ஆரம்பித்தார். டவுனில் உள்ள அரசு மழைமானியின் பதினொன்றாம் தேதி அளவையும் கைபேசியில் எடுத்துக் காட்டினார். பூஜ்யம்.

சித்தப்பாவுடன் நானும் போனேன். "முதலாளி, மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அளக்கும் நாளின் தேதிதான் போடுவார்கள். பதினொன்றாம் தேதி இரவு பெய்த மழை பன்னிரண்டாம் தேதியில்தான் இருக்கும்" என்றேன். பன்னிரண்டாம் தேதியைத் திறந்தார். டவுனில் 18 மி.மீ. அதற்கும் "18 மில்லிமீட்டருக்கா தறி மூழ்கும்?" என்றார்.

அப்போதுதான் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். மாடியில் தானியங்கிக் கருவிக்குப் பக்கத்திலேயே கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்றும் வைத்திருக்கிறேன். அன்று காலை கைமானியில் 112 மி.மீ., தானியங்கியில் 103. மழை எப்போது கொட்டியது என்பதைத் தானியங்கி நேரவாரியாகப் பதிந்திருந்தது: இரவு 11.20-லிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மட்டும் 70 மி.மீ. ஒரு மி.மீ. என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் தெருவின் நீள அகலத்தைச் சொல்லி, எத்தனை லிட்டர் விழுந்தது என்று அவர் முன்னாலேயே பெருக்கிக் காட்டினேன். அவர் முந்தைய மாதப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். பூஜ்யம் உள்ள நாளுக்கும் பூஜ்யம் என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் குரல் தணிந்தது. பிடித்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றும் என் எண்ணம்.

"சில கிலோமீட்டருக்குள் அவ்வளவு வித்தியாசமா" என்று இங்கும் சிலர் கேட்பார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., பக்கத்து ஊரான திருச்செந்தூரில் 69 செ.மீ. அது மாவட்டம் முழுவதையும் மூழ்கடித்த பெருமழை. அதிலேயே இந்த வித்தியாசம் என்றால், ஒற்றை இடிமேகத்தில் கேட்கவே வேண்டாம். அரசின் மழைமானியை நான் குறை சொல்லவில்லை. அது தன் இடத்து மழையைச் சரியாகவே சொல்கிறது. நான் முன்னறிவிப்பு சொல்பவனும் அல்ல, பெய்ததை எழுதுபவன்.

முதலாளியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புடவை உள்ளிட்ட சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்க 1985-இல் போட்ட சட்டம் இன்றும் இருக்கிறது. அந்தச் சட்டம் இருக்கும்போதே விசைத்தறியில் ஓடிய புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். சித்தப்பா நனைந்த பாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், இவர்களைக் கேட்பார் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருக்கட்டும்.

உங்களுக்கு என் யோசனை: முதலில் கைமானி வாங்குங்கள், பிறகு தானியங்கி. தானியங்கியின் உள்ளே சீசாப் பலகை மாதிரி இரண்டு சிறு கிண்ணங்கள் மாறி மாறிக் கவிழ்ந்து எண்ணும். கனமழையில் கவிழும் நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போகும், அதனால் குறைத்துக் காட்டும். கைமானி மொத்தத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. இரண்டும் வேண்டும். கருவி சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். என்னுடையதன் வாய் 20 செ.மீ. விட்டம், பரப்பு 314 சதுர செ.மீ. ஆகவே 314 மி.லி. தண்ணீரை, குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டால் 10 மி.மீ. காட்ட வேண்டும். புனலின் துளையில் எறும்பு மண்ணும் காக்கை எச்சமும் அடைக்கும், அடிக்கடி பாருங்கள்.

வெப்பமானியை மட்டும் மாடியில் வைக்காதீர்கள். காங்கிரீட் தளத்தின் சூடு அளவைக் கெடுத்துவிடும். கொல்லையில் மண் தரைக்கு மேலே, ஓர் ஆள் மார்பு உயரத்தில், காற்றுப் புகும் வெள்ளைத் தட்டுக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். காற்றின் வேகத்தை 10 மீட்டர் உயரத்தில் அளப்பதே முறை. வீடுகளுக்கு நடுவே அளந்த வேகத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். மழைமானியின் வாய்க்கு மேல் தொட்டி எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். இடம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.