சேற்றில் கிழித்த காயத்துக்கு வேப்பெண்ணெய் விடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். நடவுக்கு வயலைச் சமப்படுத்தும்போது நத்தை ஓடு குத்தி என் கணவரின் உள்ளங்காலில் ஆழமாகக் கிழித்துவிட்டது. மாமியார் வேப்பெண்ணெயில் மஞ்சள் போட்டுக் காய்ச்சி, சூட்டோடு விடுகிறார். கணவருக்குச் சர்க்கரை உண்டு. இதைத் தொடரலாமா?

பதில்: வேண்டாம்மா, இப்போதே நிறுத்திவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சூடு பட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஓட்டுத் துணுக்கு உள்ளே தங்கியிருக்கவும் கூடும். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கடைசியாக ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால், இப்படி மண் பட்ட காயத்துக்கு டி.டி. ஊசி தேவை.

உங்கள் மாமியாரின் நம்பிக்கை ஆதாரமில்லாதது அல்ல. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்; ஆய்வுக்கூடத்தில் அது சில தோல் கிருமிகளை அடக்குகிறது. வேப்பெண்ணெய்க்கும், நம் கடலோரத்துப் புன்னை எண்ணெய்க்கும் விலங்குச் சோதனைகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. காயம் காய்ந்து பொருக்குத் தட்டுவதைவிட ஈரப்பதத்தோடு இருந்தால் புதுத்தோல் சீக்கிரம் மூடும் என்று 1962இலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் காட்டினார். எண்ணெய் அந்த ஈரத்தைக் காக்கும் என்பதும் சரிதான்.

ஆனால் அந்தச் சோதனைகள் சுத்தமான காயத்தில் செய்தவை. வயல் காயத்தில் சேறு இருக்கிறது. ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில்தான் வாழ்கின்றன, காற்றுப் புகாத ஆழத்தில்தான் முளைக்கின்றன. எண்ணெய் சேற்றையும் கழுவாது, வித்துகளையும் கொல்லாது. அடுப்படியில் பலர் விரல் விட்ட பாட்டிலும் சுத்தமானதில்லை. காயம் பட்டவுடன் ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவதுதான் முதல் வைத்தியம். எந்த எண்ணெயும் அதற்கு ஈடாகாது.

பூச்சிக்கு அடிக்க வாங்கி வைத்த வேப்பெண்ணெயைத் தோலில் தொடவே கூடாது, கரைப்பதற்கான வேறு பொருட்கள் அதில் கலந்திருக்கும். எந்த வேப்பெண்ணெயாக இருந்தாலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உள்ளே போனால் வலிப்பு வரை கொண்டுபோகும்.

அப்புறம், சேற்றுப்புண். விரல் இடுக்கில் எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை வளரும். துடைத்துக் காயவிட்டு, மருத்துவர் சொல்லும் பூஞ்சைக் களிம்பு போடுங்கள். ரத்தம் கசியாத பித்தவெடிப்புக்கும், முழுசாக மூடிய பிறகு வறண்டு அரிக்கும் காயத்தழும்புக்கும் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவலாம். அங்கேதான் அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

அவரைச் சில வாரம் கவனியுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது, சீழ், நாற்றம், விரல் கருப்பது எதுவானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சல் வந்தால், வயலில் காயம்பட்டதையும் சர்க்கரை இருப்பதையும் மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வயல் நீர் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். ஈரமண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்கு இரண்டுமே அடங்காது.