டவுன்ரிகரில் சால்மன் பிடிக்க எந்த ராடு நீண்ட நாள் உழைக்கும்?

மதுரைக் கண்மாய்களில் விரால் பிடித்துப் பழகியவர் நீங்கள். ஆகஸ்டில் வான்கூவரில் இருக்கும் மச்சானோடு படகில் சால்மன் பிடிக்கப் போகிறீர்கள், அவர் டவுன்ரிகர் வைத்து ட்ரோலிங் செய்பவர், அதாவது மெதுவாக ஓடும் படகிலிருந்து தூண்டிலை இழுத்துக்கொண்டே மீன் பிடிப்பவர், அதற்கு உடையாமல் உழைக்கும் ராடு எது, இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கே வாங்காதீர்கள். உங்கள் விரால் ராடையும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே போய், எட்டரை அடிக்குக் குறையாத, கிளாஸ் ஃபைபரில் செய்த அல்லது கிளாஸும் கார்பனும் கலந்து செய்த, நன்றாக வளைந்து கொடுக்கிற ட்ரோலிங் ராடு ஒன்றை நடுத்தர விலையில் வாங்குங்கள். கார்பன் அதிகமாக இருந்தால்தான் நல்ல ராடு என்று இங்கே கடையில் சொல்வார்கள், விராலுக்கு அது சரி. டவுன்ரிகருக்கு அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். நான் திருநகரில் ராடு ரிப்பேர் பார்ப்பவன், அக்கா குடும்பம் கனடாவில் விக்டோரியா பக்கம் இருப்பதால் அந்தக் கடலிலும் தூண்டில் போட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டவுன்ரிகர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். படகின் ஓரத்தில் ஒரு சிறிய கை, அதில் ஒரு சுருள், அதிலிருந்து கம்பி அல்லது பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு இறங்கும், நுனியில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஈயக்குண்டு. உங்கள் நரம்பை அந்தக் குண்டுக்குச் சற்று மேலே ஒரு கிளிப்பில் மாட்டி, குண்டோடு சேர்த்து நூறு அடி ஆழத்துக்குக்கூட இறக்கிவிடுவார்கள். படகு மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகத்தில் ஊரும். ராடு அதன் ஹோல்டரில் செருகியிருக்கும், கையில் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். செருகிய பிறகு நரம்பை இறுக்கி, ராடு வில்லாக வளையும்வரை ரீலைச் சுற்றி வைப்பார்கள். மீன் கடித்து கிளிப்பிலிருந்து நரம்பு விடுபட்டதும் ராடு துள்ளி நிமிர்ந்து, தொய்ந்த நரம்பைத் தானே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மிச்சத் தொய்வை நீங்கள் ஓடிப்போய் ராடைப் பிடுங்கிச் சுற்ற வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, காலையிலிருந்து மதியம்வரை அந்த ராடு வளைந்தபடியே நிற்கிறது என்பதுதான். சும்மாவும் நிற்பதில்லை. மீனை ஈர்க்க முன்னால் கட்டிய ஃப்ளாஷர் என்கிற பளபளப்பான தகடு தண்ணீரில் சுழன்று சுழன்று நுனியை ஆட்டிக்கொண்டே இருக்கும், அலை வேறு தூக்கிப் போடும், அப்புறம் குண்டை மேலே எடுக்கும்போது அது ஊசலாடி வந்து படகில் இடிக்கும், சில நேரம் ராடிலேயே இடிக்கும். கார்பன் ராடு விறைப்பானது, சுவர் மெலிதானது. மேலே ஒரு சின்ன வெட்டு விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு பெரிய மீன் இழுக்கும் நாளில் சரியாக அந்த இடத்தில் பட்டென்று போகும். கண்ணாடி இழை அப்படியில்லை. உடைவதற்கு முன் அது கார்பனைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே நீளக்கூடியது, அடியும் தாங்கும். வண்டியூர் கண்மாய்க் கரையில் பெரியவர்கள் வைத்திருக்கும் மூங்கில் கம்பு நுனியிலிருந்து பிடிவரை ஒரே சீராக வளையும் பாருங்கள், அந்த மாதிரி வளைவுதான் வேண்டும்.

கிளாஸ் ராடு கனமாயிற்றே என்பீர்கள். கனம்தான். ஆனால் தவளை லூரை நாளெல்லாம் வீசிக்கொண்டே இருக்கிற விரால் வேட்டையில்தான் கனம் தோளைக் கொல்லும். இங்கே ராடைச் சுமப்பது ஹோல்டர். மீன் மாட்டிய பிறகுதான் உங்கள் கைக்கு வரும், அந்த நேரத்தில் கனம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் கடலில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் போட வேண்டும், அது சட்டம். எதிர்முள் இல்லையென்றால் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் உதறிவிட்டுப் போய்விடும். சால்மனில் கோஹோ என்கிற வகை தண்ணீருக்கு மேலே குதித்து உதறும், சினூக் என்கிற பெரிய வகை படகை நோக்கியே ஓடிவரும். விறைப்பான ராடில் அந்தத் தொய்வை ரீல் மட்டுமே ஈடுகட்ட வேண்டும். நீளமான, மெத்தென்ற ராடு பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நீளம் ஊரைப் பொறுத்தது. மச்சான் இருக்கும் பசிபிக் கரையில் பத்தரை அடி மூச்சிங் ராடும் (மெல்ல மிதக்கும் படகிலிருந்து இரையை ஏற்றி இறக்கிப் பிடிக்க வந்தது), கைப்பிடியின் ஒரு சுற்றுக்குச் சுருளும் ஒரே சுற்று சுற்றும் பழைய பாணி ரீலும் பிரபலம். மீன் ஓடும்போது அந்த ரீலின் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று விரல் முட்டியைப் பதம்பார்க்கும், அதற்கு அங்கே வைத்திருக்கும் செல்லப்பெயரே முட்டி உடைப்பான் என்கிற அர்த்தத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய ஏரிகள் பக்கம் கதை வேறு. 1966-ல் மிச்சிகன் மாநிலம் கோஹோவையும் அடுத்த ஆண்டு சினூக்கையும் ஏரியில் சேரும் ஆறுகளில் விட்ட பிறகுதான் அங்கே சால்மன் பிடிப்பு பெரிதானது, அங்கே எட்டரை, ஒன்பது அடி ராடுதான் அதிகம். புதிதாகப் பிடிப்பவருக்கு, அதிலும் படகு சின்னதென்றால், எட்டரை ஒன்பதே கைக்கு அடங்கும். நரம்பின் அளவு ராடிலேயே எழுதியிருக்கும். 10 முதல் 20 பவுண்டு என்றால் கோஹோவுக்குச் சுகம், பெரிய ஃப்ளாஷர் கட்டி சினூக்கைத் தேடுவதென்றால் 15 முதல் 30 என்று போட்டதை எடுங்கள்.

சரி, உழைப்பு என்று வரும்போது கம்பை மட்டும் பார்க்காதீர்கள். என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் முக்கால்வாசி, நரம்பு ஓடும் வளையம் போனவைதான். வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் மாதிரியான உள்வட்டத்தில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுவேன், பஞ்சு இழை எங்கே சிக்குகிறதோ அங்கே கீறல். அந்தக் கீறல் நரம்பை மீனின் முதல் ஓட்டத்திலேயே சீவிவிடும். வாங்கும்போதே எல்லா வளையத்திலும் இதைச் செய்து பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். உள்வட்டம் அலுமினியம் ஆக்சைடு என்றால் சாதாரண நரம்புக்குப் போதும், பிரெய்டு போடுவதென்றால் சிலிக்கன் கார்பைடு நல்லது. வளையத்தின் எண்ணிக்கையும் முக்கியம். நரம்பைக் கோத்து, மச்சானை நுனியைப் பிடித்து நன்றாக வளைக்கச் சொல்லுங்கள். இரண்டு வளையத்துக்கு நடுவே நரம்பு கம்பைத் தொட்டால் வளையம் போதாது, அந்த ராடை வைத்துவிடுங்கள். அதே வளைப்பில் வளைவு பிடிக்குப் பக்கத்தில்வரை இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். நுனி மட்டும் மடங்கி, கீழே குச்சி மாதிரி நின்றால் அது வீசுவதற்கான ராடு.

பிடிக்கு கார்க்கைவிட ஈவிஏ ஃபோம் நல்லது. கார்க் அழகுதான், ஆனால் ஹோல்டரில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஒரே சீசனில் பிய்ந்துவிடும். பின்பிடி படகிலுள்ள ஹோல்டருக்குள் போகிற தடிமனா என்பதை மச்சானிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரீல் உட்காரும் இடத்தில் ரீலை மாட்டித் திருகி, இரண்டு பக்கமும் முறுக்கிப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் வேண்டாம்.

பிராண்டு கேட்பீர்கள். அக்லி ஸ்டிக் 1976-லிருந்தே கிளாஸும் கார்பனும் கலந்து வருகிறது, அடி தாங்குவதற்குப் பேர்போனது, அதன் ட்ரோலிங் வகைகளில் ஒன்றை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒகுமாவின் கிளாசிக் ப்ரோ ஜிஎல்டி வரிசையும் இந்த வேலைக்கென்றே செய்தது, விலையும் கடிக்காது. மிச்சக் காசை நல்ல டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்) உள்ள ரீலில் போடுங்கள்.

ஆனால் எவ்வளவு நல்ல ராடையும் மீன் உடைப்பது அபூர்வம், மனிதன்தான் உடைப்பான். இங்கே எமன் சீலிங் ஃபேன். புது ராடை ஹாலில் நின்று ஆட்டிப் பார்க்காதவர் யார்? அங்கே கார் கதவு. படகிலோ, மீன் பக்கத்தில் வந்து மற்றவர் வலையை நீட்டும்போது ராடை நெட்டுக்குத்தாகத் தலைக்குப் பின்னால் தூக்குவது. அப்போது முழு பாரமும் நுனிக்கு வந்துவிடும், கிளாஸ் ராடுகூட அதில் போகும். ராடைச் சாய்வாகவே வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து மீனை வலைப்பக்கம் கொண்டுவாருங்கள். மாலையில் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்து வையுங்கள், உப்பு வளையத்தைக் கம்பில் பிடித்திருக்கும் உலோகக் காலை அரித்துவிடும்.

கடலில் பிடிக்க லைசென்ஸ் வேண்டும், ஆன்லைனில் எடுக்கலாம், சால்மனை வீட்டுக்குக் கொண்டுவர அதோடு சால்மன் ஸ்டாம்ப் என்கிற தனி அனுமதியும் வாங்க வேண்டும். எந்த இடத்தில் எந்த மீனை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்பது சீசன் நடுவிலேயே மாறும், போகிற காலையில் பார்த்துவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது ராடை ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் கடையிலேயே யோசித்து வாங்குங்கள். எட்டரை அடி ராடு இரண்டு துண்டாக வந்தால் ஒரு துண்டு சுமார் 130 செ.மீ., ஒரு பிவிசி பைப்பில் போட்டு இரண்டு பக்கமும் மூடி அடைத்தால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் 158 செ.மீ. அளவுக்குள் அடங்கும். அந்த அளவு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டியது. பத்தரை அடியை இரண்டாகப் பிரித்தாலே 160 வந்துவிடும், தனிக் கட்டணம் கேட்பார்கள். இங்கே வந்த பிறகு அனுமதி உள்ள அணைகளில் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த ராடு அருமையாக உதவும். விராலுக்கு மட்டும் எடுத்துவிடாதீர்கள், பாசிக்குள்ளிருந்து அதைப் பிடுங்கி எடுக்க அந்த மெத்தென்ற நுனியால் முடியாது.